"இல்லை" என்று எழுதும் முன்...



நம் வீடுகளில் அடிக்கடி நடைபெறும் ஒரு காட்சியிலிருந்து இம்மாதம் தொடங்குகிறேன். உம்ராவுக்கு நிய்யத் வைத்துப் பணமும் கட்டியாயிற்று. பயண ஏற்பாட்டாளரின் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி படிவங்களோடு வீட்டிற்கு வருகிறார். வாப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். உம்மா கதவோரம் நிற்கிறார். "சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி ஏதும் உண்டா, மாமா?" என்று தம்பி கேட்கிறார். வாப்பாவின் பார்வை அலமாரியில் இருக்கும் மாத்திரைப் பெட்டியின் மேல் சென்று மீள்கிறது. அவர் வாய் திறப்பதற்குள் தம்பியே முந்திக்கொள்கிறார்: "இல்லை என்றே போட்டுவிடுகிறேன், மாமா. உண்டு என்று எழுதினால் பணம் கூடும்; சில சமயம் கொடுக்கவே மாட்டார்கள்." வாப்பா கையொப்பமிடுகிறார். உம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. அவருடைய உடம்புக்கும் சேர்த்து வாப்பாவே பதில் சொல்லியாயிற்று.

இப்போது இக்காட்சி வேறொரு வடிவிலும் நிகழ்கிறது. மகன் துபையில் இருந்தபடியே கைப்பேசியில் பெற்றோருக்குக் காப்பீடு வாங்குகிறான். திரையில் நோய்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்பதைத் தொட்டுக்கொண்டே போகிறான். உம்மா காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை எதற்கானது என்பது அவனுக்குத் தெரியாது. நல்ல பிள்ளைதான். ஆயினும் அவன் தொட்ட ஒவ்வொரு 'இல்லை'யும் உம்மாவின் பெயரால் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

காப்பீட்டு மொழியில் 'முன்பே உள்ள நோய்' என்றொரு தொடர் உண்டு. பாலிசி எடுக்கும் நாளுக்கு முன்னர் மருத்துவர் கண்டறிந்த, அல்லது ஆலோசனையோ மருந்தோ தந்த உடற்குறைகளை அது குறிக்கும். எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு வரை என்பதைப் பாலிசியே சொல்லும். நம்மவர்கள் பலர் நோய் என்றால் படுக்கையில் வீழ்த்துவது என்றே எண்ணுகின்றனர். "மாத்திரை போடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது, பிறகென்ன நோய்?" என்பது அவர்கள் வாதம். மாத்திரை போடுவதே நோய் இருப்பதற்குச் சாட்சி என்பது காப்பீட்டாளரின் வாதம்; வழக்கு என்று வந்தால் அதுவே நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் வைத்த ஸ்டென்ட், மழைக்காலத்தில் மட்டும் தேவைப்படும் ஆஸ்துமா மருந்து, எப்போதோ வந்துபோன சிறுநீரகக் கல், நம் பெண்கள் நோயென்றே கருதாத தைராய்டு ஆகிய யாவும் படிவம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டியவை.

ஏன் சொல்ல வேண்டும்? நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது காப்பீட்டாளருக்குத் தெரியாது. நம் சொல்லை நம்பியே அவர் பணயத்தை ஏற்கிறார். ஆங்கிலச் சட்டத்தில் இக்கோட்பாட்டை 1766-இல் மேன்ஸ்ஃபீல்டு பிரபு என்னும் நீதிபதி வகுத்தார். வழக்குக்குக் காரணமானது சுமத்திராத் தீவின் பென்கூலனில் இருந்த ஒரு கோட்டை. (சிங்கப்பூர் சென்று வந்த நம் சபுராளிகளுக்குப் பென்கூலன் தெருவும் அங்குள்ள பள்ளிவாசலும் நினைவுக்கு வரும், அப்பெயர் இந்த ஊரினுடையதே.) கோட்டையைக் காப்பீடு செய்த கவர்னர் அதன் பலவீனத்தை மறைத்தாரா என்பது கேள்வி. அவ்வழக்கில் கவர்னர் தரப்பே வென்றது. எனினும், அறிந்தவர் அறியாதவரிடம் மறைக்கலாகாது என்னும் விதி நிலைபெற்றது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அதையே பின்பற்றுகின்றன.

அதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனாவின் கடைத்தெருவில் இந்த விதி உரைக்கப்பட்டுவிட்டது என்பதை நாம் அறிவோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அண்ணலார் அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. இந்த ஹதீஸைக் கேட்கும்போதெல்லாம் நாம் வாங்குபவரின் இடத்தில் நின்றே கேட்டுப் பழகிவிட்டோம். காப்பீட்டுப் படிவத்தின் முன்னோ நாம்தான் அந்த வியாபாரி. நம் உடல்தான் அந்தத் தானியம்.

"காப்பீடே கூடுமா என்பது முதலில் தீரட்டும், உண்மை எழுதுவது பிறகு" என்று சில பெரியவர்கள் கூறுவர். அக்கேள்வி நியாயமானதே. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி 1985-இல் ஜித்தாவில் கூடியபோது, நிர்ணயித்த பிரிமியத்துடன் கூடிய வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவு முறையிலான காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. ஆகவே மலேசியாவிலிருந்து புறப்படுவோருக்கு அவ்வழி உண்டு. இங்கிருந்து புறப்படுவோர், குறிப்பாக விசாவுக்குக் காப்பீடு கட்டாயமாகும்போது, தம் மஹல்லாவின் ஆலிம் பெருமக்களிடம் விளக்கம் பெறுவதே முறை. ஃபத்வா கூறும் தகுதி இப்பகுதிக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: தகாஃபுலானாலும் உடல்நிலை பற்றிய கேள்விகள் அங்கும் உண்டு, அங்கு மறைப்பது, ஒருவருக்கொருவர் உதவச் சேர்த்த பொதுப்பணத்தில் மறைப்பதாகும்.

இனி, உண்மையை எழுதினால் நடப்பது என்ன? இரண்டு வழக்குகளைக் கேளுங்கள்.

2009-ஆம் ஆண்டு ஓர் இந்தியர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக அமெரிக்கா சென்றார். அவர் சர்க்கரை நோயாளர். வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு எடுத்தபோது அதை மறைக்காமல் தெரிவித்தார். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடல் வியர்த்துத் தளர்ந்தது. மாரடைப்பு! மூன்று ஸ்டென்ட்டுகள் வைத்து உயிரைக் காத்தனர். மருத்துவமனைகளின் கட்டணம் இரண்டு இலட்சம் டாலரைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. அவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் முன்பே இருந்தனவாம்; கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்டதைச் சொல்லவில்லையாம். தேசிய நுகர்வோர் ஆணையமும் அவர் முறையீட்டைத் தள்ளியது. அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். சர்க்கரை நோயாளர் என்று அறிந்து, சோதித்துப் பார்த்து, பணமும் பெற்றுக்கொண்டு பாலிசி கொடுத்த பிறகு, அவர் சொன்ன அதே நோயைக் காட்டி மறுப்பது செல்லாது என்று 2021 டிசம்பர் 6 அன்று தீர்ப்பாயிற்று. வட்டியுடன் பணத்தைத் தரவும் நீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பது வேதனைதான். ஆனால் இறுதியில் அவரைக் காத்தவற்றுள் முதன்மையானது, படிவத்தில் அவர் தெரிவித்திருந்த அந்த உண்மையே.

மற்றொன்று, அதே 2009-இல் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. அது பயணக் காப்பீடன்று. உள்நாட்டு மருத்துவக் காப்பீடு. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் நெடுநாள் இருந்த ஒருவர், தாம் நலமாக இருப்பதாகவே படிவத்தில் தெரிவித்திருந்தார். சில மாதங்களில் மரணமடைந்தார். மனைவி முறையிட்டார். மறைக்கப்பட்டது முக்கியமான உண்மை என்று கூறி, நிறுவனம் மறுத்தது சரியே என நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கையொப்பமிட்டவர் போய்விட்டார், வெறுங்கையோடு நின்றவர் அந்தப் பெண்மணி.

உண்மை எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் விற்கப்படும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில், முன்பே உள்ள நோய்க்கான சிகிச்சை விலக்கப்பட்டே இருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். அந்த வரம்பு, பாலிசியின் முகப்பில் பெரிய எழுத்தில் காணும் தொகையைவிட மிகவும் குறைவாக இருக்கக்கூடும். கூடுதல் பிரிமியம் பெற்றுக்கொண்டு விரிவாக ஏற்பனவும் உண்டு. ஆகவே விற்பவரிடம் "எவ்வளவுக்குக் காப்பீடு?" என்று கேட்பதோடு நில்லாமல், "எங்கள் சர்க்கரையாலோ இருதயத்தாலோ வந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் பாலிசி வாசகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை என ஒவ்வொன்றிற்கும் தனித்தனி உச்சவரம்பு வைப்பதும் உண்டு. மருத்துவர் போகாதே என்று தடுத்த பின் சென்றாலும், சிகிச்சை பெறுவதற்கென்றே சென்றாலும் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. வழக்கமான மாத்திரைச் செலவும் நம்முடையதே. பாலிசி எடுத்ததற்கும் புறப்படுவதற்கும் இடையில் புதிதாக நெஞ்சுவலி வந்து மருத்துவமனை சென்றால், அதையும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. விசாவுக்கான காப்பீடு வேறு. நம் நோய்க்கான காப்பீடு வேறு. உம்ரா பயணிகளுக்கு சவூதி அரசு ஏற்படுத்திய காப்பீடு விசாக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது. அது ஒரு இலட்சம் ரியால் வரை அவசர சிகிச்சை, விபத்து, மரணம், விமானத் தாமதம் முதலியவற்றுக்கானது. 'அவசரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாள்பட்ட நோய்க்குத் தொடர்ந்து வைத்தியம் பார்க்க ஏற்பட்டதன்று அது. பிரான்சு, ஜெர்மனி முதலிய ஷெங்கன் நாடுகளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு இருந்தால்தான் விசா. ஆனால் அந்தத் தாளைப் பெற்றதாலேயே வாப்பாவின் இருதயத்திற்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பொருளாகாது. இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குச் செல்வோருக்குக் காப்பீடு கட்டாயமில்லை. அங்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கட்டணமில்லை. உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டாலோ, காப்பீடோ விலக்கோ இல்லாத வருகையாளரிடம் உரிய செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பர். மகன் அங்கு வரி கட்டுகிறான் என்பதால் தாய் தந்தைக்கு இலவசம் ஆகிவிடாது.

படிவம் நிரப்ப அமரும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வாப்பா, உம்மா இருவருடைய மருத்துவச் சீட்டுகளையும் தனித்தனியே எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு எந்த நோய் கண்டது, இப்போது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை அளவு, இ.சி.ஜி., மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் வீடு திரும்பும்போது தந்த குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, குடும்ப மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். உம்மாவிடம் நேரில் கேளுங்கள். வீட்டாருக்குச் சிரமம் தரக்கூடாதென்று அவர் சொல்லாமல் வைத்திருக்கும் வலி ஒன்று வெளிப்படக்கூடும். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையொப்பமிடுமுன் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "மாமா, இதெல்லாம் எதற்கு?" என்பார். நகல் இல்லையென்றால், நீங்கள் சொன்ன உண்மையும் சொல்லாததாகவே ஆகிவிடும்.

எந்த நிறுவனமும் ஏற்காவிட்டால்? அதுவும் ஒரு செய்திதான். இந்த உடம்போடு வெளிநாட்டில் படுத்தால் செலவு முழுவதும் நம்முடையது என்று வீட்டார் அறிந்துகொள்கிறார்கள். பணத்தை ஒதுக்கி வைப்பதா, துணைக்கு ஒருவரை அனுப்புவதா, நோய் தணியும் வரை தள்ளிப்போடுவதா என்று கூடிப் பேசலாம். ஹஜ்ஜே சக்தி பெற்றவர் மீதுதான் கடமை. உடலின் சக்தியும் அதில் சேர்ந்ததே. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பது மட்டும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டராகும் என்பதை, வீட்டு வாசலில் மூச்சு வாங்குபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைக் கட்டணம் கடன்தான். ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததை அறிந்த சமுதாயம் நாம். வாப்பா மறைத்த ஒரு சொல்லுக்காக, இத்தா இருக்கும் உம்மா வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுக்கும் நிலை வரலாகாது.

உண்மை எழுதியும் நிறுவனம் மறுத்துவிட்டால் வாளாவிருக்க வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்திற்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஐம்பது இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கு விசாரிக்கின்றனர்.

புறப்படும் நாளில் பாலிசி எண்ணையும், உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும், நோயின் பெயரையும் ஒரு சிறு அட்டையில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, வாப்பாவின் இஹ்ராம் இடுப்பு வாரிலும் உம்மாவின் கைப்பையிலும் வைத்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த எண்ணை அழைத்துவிட வேண்டும். ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. பெட்டியில் வைக்கும் மருந்துகளைப் பற்றியும், இங்கு சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது பற்றியும் அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.