குண்டாந்தடியும் குடிமக்கள் நம்பிக்கையும்

கேகாலையிலிருந்து மாவனல்லை நோக்கி வரும் பஸ்ஸில் அமர்ந்திருப்போர் சாளரத்தின் வழியே சற்றே உற்று நோக்குவாராயின், பாறை முடி தரித்த குன்று ஒன்றைக் காண்பர். அதுவே உத்துவன்கந்தை. மாவனல்லையில் பஸ் மாறி எங்கள் அரநாயக்கவுக்கு ஏறும் வழியெல்லாம் அக்குன்றைப் பற்றிய கதைகளைக் கேட்டுக்கொண்டே வரலாம். செல்வரைக் கொள்ளையிட்டு எளியோர்க்கு ஈந்தவன் எனப் பெயர் பெற்ற சரதியேல் உறைந்த குன்று அது. 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள், அவனைப் பிடிக்கச் சென்ற பொலிஸ் படையினருள் சாபான் என்னும் கான்ஸ்டபிள் சுடப்பட்டு மாண்டார். கடமையில் உயிர் நீத்த முதற் பொலிஸ்காரர் அவரே என்பதால், இலங்கைப் பொலிசார் இன்றும் அந்நாளைத் தம் வீரர் தினமாக அனுட்டிக்கின்றனர். சரதியேல் அவ்வாண்டு மே மாதத்தில் கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

பல்லாண்டுகள் இப்பகுதித் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியத் தொழில் புரிந்த நான், வகுப்புத் தோறும் ஒரு வினாவைக் கேட்பது வழக்கம். "உத்துவன்கந்தையிலே இருந்தவன் யார்?" என்பேன். "சரதியேல்!" என்று முப்பது குரல்கள் ஒருங்கே எழும். "அங்கே இறந்தவர் யார்?" என்பேன். வகுப்பு மௌனமாகிவிடும். தன் சம்பளத்துக்காகவும் கடமைக்காகவும் மலையேறிச் சென்று மாண்ட ஓர் ஏழை மனிதரின் பெயர், அம்மலையின் அடிவாரத்திலேயே வழங்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கிடைத்த இடம் காவற்காரனுக்குக் கிடைக்காமற் போனது ஏன்?

நம் மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று விடை கூறுவோரும் உளர். அஃது உண்மையன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் சாமசரக் கந்தை சரிந்து, சிரிபுர முதலிய கிராமங்களைச் சேற்றினடியிற் புதைத்தபோது, இராணுவத்தினரும் பொலிசாரும் நாட்கணக்கிற் சேற்றிலே நின்று மண்ணைத் தோண்டினர். தம் வீட்டில் இருந்த அரிசியைச் சமைத்து அவர்களுக்குக் கொண்டு சென்றவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களே. காக்கிச் சட்டைக்குள் இருப்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்பதை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, பிணக்கு கான்ஸ்டபிளோடு அன்று; அவன் கையிலே தடியைக் கொடுத்து, யார் மீது ஓங்கலாம், யார் மீது ஓங்கலாகாது என்று சொல்லிக் கொடுப்பவர்களோடு.

சென்ற மாதம் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எங்கள் அயலிலுள்ள தோட்டத்தில் றப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், மகளின் சடங்குக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய சங்கிலியைக் களவு கொடுத்துவிட்டார். எடுத்தவன் யாரென்று லயம் முழுவதற்கும் தெரியும். பொலிசிலே முறைப்பாடு செய்யுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பரிதாபத்தோடு பார்த்தார். "மாஸ்டர், எம்.பி. மாரையே தெருவிலே போட்டு இழுக்கிறாங்க. பேப்பர்ல நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க. நாங்க போய் நின்னா என்ன கதி?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அரசியல்வாதிகள் தம்முள் அடித்துக்கொள்வது கொழும்பு விவகாரம், அதற்கும் சங்கிலி களவு போனதற்கும் என்ன தொடர்பு என்று வாதிட்டிருக்கலாம். ஆயினும் அவர் கண்ட தொடர்பு மெய்யானது. சட்டப் புத்தகத்தை அவர் படித்ததில்லை. சட்டத்தை அவர் காண்பது, பெயரும் புகழும் ஆதரவாளரும் உடைய ஒருவரைப் பொலிசார் நடத்தும் விதத்திலேதான். வெள்ளைச் சட்டைக்கே அந்த நிலை என்றால் பால் கறை படிந்த சட்டைக்கு என்ன நிலை என்று அவர் போடும் கணக்கிலே பிழை கண்டுபிடிக்க என்னால் இயலவில்லை.

அவருக்கு நான் படித்துக் காட்டியவை பழைய செய்திகளும் புதிய செய்திகளுமாம். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் மசோதா பாராளுமன்றத்தில் வந்த அன்று, தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்தனர். காடையர் கூட்டம் அவர்களைத் தாக்கிற்று. பொலிசார் பார்த்து நின்றனர். வட்டுக்கோட்டைத் தொகுதியின் இளம் அங்கத்தவர் அமிர்தலிங்கம் தலையிற் கட்டுடன் சபைக்குள் நுழைந்தார். ஐந்தாண்டுகள் கழிந்து, 1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது பொலிசார் பார்த்து நிற்கவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த அங்கத்தவர்கள் மீதே குண்டாந்தடிகள் பாய்ந்தன. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிலே அடைக்கப்பட்டனர். ஒரு முறை கைகட்டி நின்றதும் மறுமுறை கை ஓங்கியதும் வேறு வேறு செயல்கள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே பாடத்தையே மக்களுக்குப் புகட்டின.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று எண்ணுதல் தவறு. எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1936இல் றுவன்வெலைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் கலாநிதி என். எம். பெரேரா. அதற்கு முந்திய ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இம்மாவட்டத்தை வாட்டியபோது மருந்தும் பருப்புமாக வீடு வீடாகச் சென்றவர் அவர். 1940இல் வெள்ளை அரசாங்கம் அவரை விசாரணையின்றிச் சிறையிலிட்டது. 1942 ஏப்ரலில் அவரும் தோழர்களும் கண்டி போகம்பறைச் சிறையினின்றும் தப்பினர்; மீண்டும் பிடிபட்டு யுத்தம் முடியும் வரை உள்ளேயிருந்தனர். 1947இல் தேர்தல் வந்தது. றுவன்வெலை மக்கள் அவரையே மறுபடியும் தெரிந்தனர். அன்று தோட்டத் தொழிலாளர்க்கும் வாக்குரிமை இருந்தது என்பதை இவ்விடத்திற் குறித்தல் வேண்டும். அடுத்துவந்த ஈராண்டுகளில் அஃது எவ்வாறு பறிபோயிற்று என்பது வேறு கதை. சிறைக் கம்பி ஒரு மனிதரின் மீதிருந்த நம்பிக்கையைக் குறைக்கவில்லை. அடைத்தவர் மீதிருந்த நம்பிக்கையைத்தான் கரைத்தது.

ஆயினும், அடிப்பதனால் மட்டும் நம்பிக்கை அழிந்துவிடுவதில்லை என்பதே என் கருத்து. கூட்டத்தின் நடுவே, வெயிலிலும் கூச்சலிலும், ஒரு பொலிஸ்காரர் நிதானம் இழக்கலாம். அதை மக்கள் மன்னிப்பர். மறுநாள் என்ன நடக்கிறது என்றே அவர்கள் காத்திருப்பர். அம்மறுநாளிலேதான் அரசாங்கம் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இதற்கு 1983ஆம் ஆண்டைப் போல வேறோர் ஆண்டு சாட்சி சொல்லாது. அதற்கு முந்திய டிசம்பரில், தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. அதை எதிர்த்துப் பிக்குகளும் பிற மத குருமாரும் சேர்ந்த 'பவிதி ஹண்ட' என்னும் அமைப்பு அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸ் அதிகாரி ஒருவர் கைப்பற்றினார். 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அது பேச்சுரிமையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்து, அவ்வதிகாரி பத்தாயிரம் ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்றது. அரசாங்கமோ அத்தொகையைத் தானே செலுத்தி, அதிகாரிக்குப் பதவி உயர்வும் அளித்தது. அடுத்த மாதம், சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரும் முன்னாள் பாராளுமன்ற அங்கத்தவருமாகிய விவியன் குணவர்த்தனா அம்மையார் கொள்ளுப்பிட்டியிற் கைதானார். நிலையத்துள் தம்மைத் தள்ளி உதைத்தனர் என்று முறையிட்டு வழக்காடினார். அவரைக் கைது செய்தது சட்டவிரோதம் என்று ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறி, 2,500 ரூபா நட்டஈடு விதித்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு உடனே பதவி உயர்வு! இரண்டொரு நாளில், தீர்ப்பளித்த நீதியரசர்களின் இல்லங்களின் முன் பஸ்களில் வந்திறங்கிய காடையர் வசைமாரி பொழிந்தனர். நீதியரசர்கள் பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்தும் பயன் விளையவில்லை.

நீதியரசருக்கே உதவாத தொலைபேசி, பால் வெட்டும் தொழிலாளிக்கு உதவும் என நான் எவ்வாறு உறுதி கூறுவேன்? அவ்வாண்டு ஜூலை மாதத்தில் தமிழர் வீடுகள் எரிந்தபோது பல இடங்களிற் பொலிசார் பார்த்து நின்றதைக் கண்டு வியந்தோர், ஜூன் மாதத்தை மறந்தவர்கள்.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைச் சிந்திக்கலாம். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலனை வெட்டியதும் காவல் வீரன் ஒருவனே. பிழை தெரிந்த கணமே பாண்டியன் உயிர் துறந்தான் என்கிறார் இளங்கோவடிகள். வெட்டியவனுக்கு நெடுஞ்செழியன் பொற்கிழி அளித்துப் படைத்தலைவனாக்கினான் என்று காப்பியம் முடிந்திருப்பின், மதுரை எரிந்ததற்குக் கண்ணகி வேண்டியிருந்திராது.

எதிர்க்கட்சிகள் யாவும் தூயவை என நான் சொல்ல வரவில்லை. நேற்று அடி வாங்கியவர் இன்று அடிக்கக் கட்டளையிடுவது நம் நாட்டிற் புதுமையன்று. சிறைப்பட்ட என். எம். பெரேரா 1970இல் நிதி மந்திரியானார். அவர் வீற்றிருந்த மந்திரிசபைதான் 1971இற் பிரகடனமான அவசரகால நிலையை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதைக் கண்டித்து முழங்கிய ஐக்கிய தேசியக் கட்சி 1977இற் பதவிக்கு வந்தபின் செய்தவற்றை மேலே கண்டோம். பொலிஸ் கட்டளைச் சட்டமும் 1865ஆம் ஆண்டினது. சரதியேல் தூக்கிலேறிய மறு ஆண்டு, வெள்ளையர் குடிகளை அடக்க வகுத்தது. எத்தனையோ அரசாங்கங்கள் மாறின. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை அச்சட்டத்தைப் பழித்தவர்கள், ஆசனம் மாறியதும் அதன் வசதியைக் கண்டுகொண்டனர்.

இத்தனைக்கும், எதிரியை மதிக்கும் மரபு இம்மண்ணுக்கு அந்நியமானதன்று. எல்லாளன் தன் படுக்கையருகே ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பதும், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே பலியிட்டான் என்பதும் மகாவம்சம் கூறும் செய்திகள். அவனைப் போரிற் கொன்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்திலே நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழிச் செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி வணங்கிச் செல்லப் பணித்தான் என்பதும் அந்நூலிலேயே உள்ளது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருசேரப் படிக்கும் கதை இது. படித்தவர்கள் பலர் மந்திரிகளாயினர்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 19ஆம் நாள், எங்கள் மாவட்டத்து றம்புக்கணையில் எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்த மக்கள் மீது பொலிசார் சுட்டனர். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். அடுத்த மாதம் 9ஆம் நாள், காலிமுகத் திடலில் அமர்ந்திருந்தோரை ஆளுங்கட்சி ஆதரவாளர் தாக்கினர். 1956இற் போலவே அவர்களைத் தடுக்கவேண்டிய பொலிசார் தடுக்கவில்லை. திடலும் மாறவில்லை! பின்னர், 2023 டிசம்பரில், பதிற் பொலிஸ் மா அதிபராயிருந்த தேசபந்து தென்னக்கோன் முன்னொரு காலத்தில் ஒருவரைச் சித்திரவதை செய்து உரிமை மீறினார் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வாரங்களில், 2024 பெப்ரவரியில், அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமித்தனர். நாற்பத்தோராண்டுகள் கழிந்தும் 1983ஆம் ஆண்டின் வழக்கம் சிறிதும் மாறாதிருந்தது.

ஆனால், இம்முறை கதை அங்கே முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. விசாரணைக் குழு அமைந்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கிற்று. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்து அளித்த வாக்குகள் அவை. இன்றைய அரசாங்கம் தன் எதிரிகளையும் இவ்விதம் சட்டப்படியே நடத்துமா என்பதை அவர்கள் மீது முதற்றடி ஓங்கப்படும் நாளுக்கு மறுநாள் கண்டுகொள்வோம்.

இச்செய்தியை அந்தத் தொழிலாளியிடம் எடுத்துச் சொன்னேன். பெரட்டுக் களம் கலைந்த பின் நின்று பொறுமையாகக் கேட்டார். "அது பெரியவங்களுக்கு, மாஸ்டர்" என்றார் முதலில். சற்று நேரம் கழித்து, "நாங்க தமிழ்ல சொன்னா தமிழ்லயே எழுதுவாங்களா?" என்று வினவினார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். முறைப்பாட்டை நானே தெளிவாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கையொப்பம் இடவேண்டிய இடம் இன்னும் வெறுமையாயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சம்சாரத்தோடு பேசிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.