இன்னொரு பெல் வேண்டாம்

திருச்சியில் எந்தத் தேர்தல் வந்தாலும் ஒரு வாக்குறுதி தவறாமல் வரும்: பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கொண்டுவருவோம். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் இந்த ஊர் நம்புகிற ஒரே விஷயம் இதுதான் போலிருக்கிறது. பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) மாதிரி இன்னொன்று வந்தால்தான் ஊர் உருப்படும், இல்லாவிட்டால் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டேதான் இருப்பார்கள் என்ற பேச்சைச் சத்திரம் பேருந்து நிலைய டீக்கடையிலும் கேட்கலாம், தில்லைநகர்க் கல்யாணப் பந்தியிலும் கேட்கலாம். இவ்வளவு பேர் ஒன்றாகச் சொல்வதாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசினால் தேறாது என்பது என் கட்சி.

பெல் செய்த நன்மையை மறுக்க நான் வரவில்லை. 1960களின் நடுவில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு திருவெறும்பூர்ப் பொட்டலில் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. பழைய ஆட்கள் இன்றும் 'பாய்லர் பிளான்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அதே பத்தாண்டில் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு உள்ளே நுழைந்தான். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பி.எஃப்., போனஸ் எல்லாம் கிடைத்தன. இடஒதுக்கீடு இருந்ததால், தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நிமிர்ந்து உள்ளே போனார்கள். 'மாப்பிள்ளை பெல்லில் இருக்கிறார்' என்றால் ஜாதகம்கூட இரண்டாம்பட்சமாக இருந்த காலம் உண்டு.

ஆனால் நம் ஆட்கள் பெல்லின் கதையை மதில்சுவரோடு முடித்துவிடுகிறார்கள். சுவருக்கு வெளியே நடந்ததுதான் இந்த ஊருக்கான பாடம்.

துவாக்குடியிலும் மாத்தூரிலும் வாழவந்தான்கோட்டையிலும் பெல்லை நம்பி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. இரும்பை பெல்லே கொடுக்கும். டிராயிங்கும் அதுவே தரும். பட்டறைக்காரர் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துத் திருப்பித் தரவேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கை யாரிடம் விற்பது, அடுத்த ஆண்டு எதற்கு கிராக்கி இருக்கும் என்ற கவலையே அவருக்குக் கிடையாது. நல்ல காலத்தில் இது சுகமான ஏற்பாடு. ஆர்டர்கள் குவிந்தபோது வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. புது ஷெட் போட்டார்கள், கிரேன் வாங்கினார்கள். வாங்குகிறவர் ஒருவர் மட்டுமே என்பதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை. அந்த ஒருவர் பெல் ஆயிற்றே!

2012க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. தனியார் மின் நிறுவனங்கள் சீனாவிலிருந்து கொதிகலன்களை இறக்கிக்கொண்டிருந்தன. நிலக்கரி கிடைக்காமல் அனல்மின் திட்டங்கள் தேங்கின. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ஒரே உத்தரவில் ரத்து செய்தது. சூரிய மின்சாரத்தின் விலை விழுந்துகொண்டே போனது. இவற்றில் ஒன்றுகூடத் திருச்சியில் எடுத்த முடிவில்லை. ஷட்டர் இறங்கியது மட்டும் துவாக்குடியில். வட்டி கட்ட முடியாத பட்டறைகள் வாராக்கடன் பட்டியலில் ஏறின. பெல்லிலேயே நாடு முழுவதும் 2012இல் சுமார் 49,000 பேர் வேலையில் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த எண்ணிக்கை 30,000 அளவுக்கு இறங்கியது. பெரும்பாலும் ஆட்குறைப்பு என்ற பெயரே இல்லாமல் நடந்த இறக்கம். ஓய்வுபெற்றவர்களின் நாற்காலிகள் காலியாகவே விடப்பட்டன, அவ்வளவுதான்.

இப்போது அனல்மின் ஆர்டர்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. பட்டறைகளுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் 'பார்த்தீர்களா, பெல் எழுந்தால் ஊர் எழுந்துவிடும்' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. பெல் படுத்தால் ஊர் படுத்துவிடும் என்பதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பொன்மலை ரயில்வே பணிமனையைத் திருச்சியின் பெருமை என்கிறோம். அது நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்தெடுத்து வந்த பெருமை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களின் இறுதியில் தன் பணிமனை வேலைகளைப் பொன்மலையில் குவிக்கத் திட்டமிட்டது. அதோடு சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பவும் முனைந்தது. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய சிங்காரவேலர் சிறைக்குப் போனார். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது, பணிமனையும் போய்விட்டது. நாகை அன்று இழந்தது இன்றுவரை திரும்பி வரவில்லை. 'ஒர்க்‌ஷாப் இருக்கிறவரை நமக்கென்ன குறை' என்றுதான் நாகப்பட்டினத்துக்காரர்களும் அதற்கு முன்பு பேசியிருப்பார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் ஒரு கையெழுத்தில் இடம்பெயர்ந்த வேலையை நாம் வாங்கிக்கொண்டோம். அதே மாதிரி ஒரு கையெழுத்து நம்மிடமிருந்தும் எடுத்துக்கொண்டு போகும் என்ற நினைப்புகூட இல்லாமல் இருக்கிறோம்.

பொன்மலை வேலை நல்ல வேலையானதற்கும் பணிமனையின் பிரம்மாண்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படி உயிரைக் கொடுத்துப் போராடிய தொழிற்சங்கம் இருந்ததால்தான் அது சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை ஆனது. நாம் ஆலையைக் கேட்கிறோம். சங்கத்தைக் கேட்பதே இல்லை.

சரி, புதிதாக வரப்போவதைப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் முதல்வரின் அமெரிக்கப் பயணத்தின்போது ஜேபில் என்ற மின்னணு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை. ஊரே பேசியது. கணக்குப் போட்டால் ஒரு வேலைக்கு 40 லட்சம் ரூபாய் முதலீடு. 1960களின் பெல் மனிதக் கைகளால் ஓடிய ஆலை. இன்றைய ஆலை இயந்திரத்தால் ஓடுகிறது, மிச்சத்துக்கு ஆள் எடுக்கிறது. திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 27 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐயாயிரம் வேலை வருவது நல்லது. அதை ஊரின் விடிவுகாலம் என்பது கணக்குத் தெரியாத பேச்சு.

அந்த ஐயாயிரமும் எப்படிப்பட்ட வேலை என்று யாராவது கேட்டார்களா? நிரந்தரமா, ஏஜென்சி வழியாக எடுக்கும் ஒப்பந்த வேலையா? 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இங்கே வருகிற நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன என்பதுதான் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. தொழிற்சங்கங்கள் பொங்கியதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பெரிய கம்பெனி வரும்போது வேலையோடு நிபந்தனையும் சேர்ந்தே வரும் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை. நவல்பட்டு ஐ.டி. பூங்கா வந்தபோதும் 'இனிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போவார்கள்' என்றோம். என்.ஐ.டி.யில் படித்து முடிக்கிறவர்களை அது பிடித்து நிறுத்தவில்லை. இப்போது அதே வசனத்தைப் பஞ்சப்பூர் டைடல் பூங்காவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கையால் விளையும் பெரிய கெடுதல் ஏமாற்றம் மட்டும் அல்ல. கேட் போட்ட இடத்தில் நடக்காத எதையும் வேலை என்றே பார்க்காத ஒரு குருட்டுப் பார்வையை அது நமக்குக் கொடுத்துவிட்டது.

செயற்கை வைரக்கல் பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வீட்டுத் திண்ணையில் சக்கரத்தை வைத்துக் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்கூட (அது தவறுதான், ஆனாலும் நடந்தது). கல்யாணமும் காதுகுத்தும் அந்தக் கூலியில் நடந்த வீடுகள் எத்தனையோ. சீனாவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கல் மலிவாக வந்து இறங்கியதும் தொழில் தேய்ந்தது. மூடுவதற்கு அங்கே கேட் இல்லை; அதனால் ஆலைமூடல் என்ற செய்தியும் இல்லை. எந்த அமைச்சரும் வந்து பார்க்கவில்லை. ஒரே ஆலையில் அத்தனை பேரும் வேலை பார்த்திருந்து அது மூடியிருந்தால் சட்டமன்றமே ஸ்தம்பித்திருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். இங்கே என்ன வேலை இருக்கிறது, கோயிலைத் தவிர என்பார்கள். கோயில் ஒன்றே எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ரங்கா ரங்கா கோபுரத்தடியில் நின்று பார்த்தால் தெரியும். எட்டரை, கோப்பு பக்கத்து மல்லிகை விடியுமுன் பூச்சந்தைக்கு வருகிறது. அதைப் பறிக்கிறவர், சுமக்கிறவர், கட்டுகிறவர், கூறுபோட்டு விற்கிறவர் என்று ஒரு கூடைப் பூவுக்குப் பின்னால் நான்கைந்து பேரின் கூலி இருக்கிறது. சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், பரிமாற ஆள் அனுப்புகிறவர்கள், யாத்ரீகர்களுக்கு வண்டி விடுகிறவர்கள்.

இதைவிட வேகமாக வளர்கிற வேலை ஒன்று அடுக்குமாடிக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மாமாவும் மாமியும் தனியாக இருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டவும், மாத்திரை கொடுக்கவும், இரவில் துணைக்குப் படுக்கவும் திருவானைக்காவலிலிருந்தும் கொள்ளிடக்கரை ஊர்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஈ.எஸ்.ஐ. கிடையாது, வார விடுமுறை கிடையாது, ஏஜென்சி கமிஷன் மட்டும் உண்டு. 'திருச்சியில் வேலையே இல்லை, அதனால்தான் பையன் வெளிநாடு போனான்' என்று அந்தப் பெண் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டே ஒருவரால் சொல்ல முடிகிறது. அவள் பார்ப்பதை வேலை என்று அவர் எண்ணவில்லை, அரசும் எண்ணவில்லை.

என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று நிற்கிறவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? நிற்கிறவர்கள் என்பது வெறும் வழக்கல்ல. நாள் முழுக்க நின்றுதான் இருந்தார்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021இல்தான். இத்தனை பேரின் கால்வலியைப் பாதியாக்கக்கூடிய அந்தச் சட்டத்தைப் பற்றி எந்த மேடையிலும் கைதட்டல் எழுந்ததில்லை. ஸ்டூல் போட்டுக்கொடுத்ததற்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

இத்தனைக்கும், 'வேலை இல்லை' என்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டை. பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்து, சீனியாரிட்டி போய்விடுமே என்று மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்களின் பட்டியல் அது. தனியாரில் நல்ல சம்பளம் வாங்குகிறவர் பெயரும் அதில் இருக்கும், உண்மையாகவே பட்டினி கிடப்பவர் பெயரும் இருக்கும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியதே 2025 ஜனவரியில்தான். அதற்கு முன்பு பெரிய ஆலைக்காகக் கோரிக்கை வைத்தவர்களிடமும், அதற்கு நிலம் ஒதுக்கியவர்களிடமும் திருச்சியில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்ற உருப்படியான கணக்கு இருந்ததில்லை. நோயைச் சோதிக்காமலே அறுபது வருடமாக ஒரே மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெல் இந்த ஊரில் விதைத்ததில் இன்னும் வாடாமல் இருப்பது கைவேலை. வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975இல் இங்கே வந்தது. எக்ஸ்ரேயில் பிடித்துப் பார்த்தாலும் ஓட்டை தெரியாத வெல்டிங் வைக்கிற ஹெச்.பி. (உயரழுத்த) வெல்டர்களை இந்த ஊர் உருவாக்கியது. திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் அதிகம் என்பதில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டுச் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறான் ஒருவன். அவனுக்கு வேலை கொடுக்கத் துவாக்குடிப் பட்டறையால் முடியவில்லை. ஏனென்றால் பட்டறைக்கு வாங்குகிற ஆள் ஒருவர்தான். 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை இதே திருச்சியில்தான் தொடங்கிவைத்தார்கள். ஐந்து நகரங்களில் நாமும் ஒன்று. அந்த வழியிலும் ரயில்பெட்டி, காற்றாலை, உணவு இயந்திரம் என்ற மற்ற வழிகளிலும் ஒவ்வொரு பட்டறைக்கும் நான்கைந்து வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொடுப்பது ஒரு புது ஆலையைக் கொண்டுவருவதைவிடச் செலவு குறைந்த காரியம். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், டிராயிங் போடத் தெரிந்த ஆள் வேண்டும், 45 நாளில் பணம் பட்டுவாடா ஆகவேண்டும் என்ற சட்டத்தை நிஜமாகவே அமல்படுத்தும் அதிகாரி வேண்டும்.

அப்படியானால் ஜேபில் வேண்டாமா, டைடல் வேண்டாமா என்று கேட்பார்கள். வரட்டும். வரும்போது மாலையோடு சில கேள்விகளையும் கொண்டுபோவோம். நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? துவாக்குடிக்கு எத்தனை ரூபாய் வேலை பிரித்துக் கொடுப்பீர்கள்? சங்கம் வைத்தால் என்ன செய்வீர்கள்? எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க அரசிடம் ஏதும் கேட்டிருக்கிறீர்களா? சலுகையாக வாங்கிய நிலத்தை, பத்து வருடத்தில் கிளம்பிப் போனால் திருப்பித் தருவீர்களா? இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் அடிக்கல் நாட்டுகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், 1928இல் நாகப்பட்டினத்துக்கு வந்த தந்தி இங்கேயும் வந்து சேர்வதற்கு விலாசம் எழுதிக் கொடுக்கிறார்.