எறிகணையின் வமிசாவளி

பழைய மோட்டார் பீரங்கிகளையும் அவற்றின் எறிகணைகளையும் தேடிச் சேர்த்து ஆராய்வோர் மேலைநாடுகளிற் பலர் உளர். குழாயின் விட்டம், அடித்தட்டின் வடிவம், வாற்சிறகுகளின் எண்ணிக்கை, பூசிய வர்ணம், பொறித்த ஆண்டு ஆகிய அனைத்தையும் அவர்கள் வகைப்படுத்தி வமிசாவளி எழுதுகின்றனர். அவ்வுழைப்பை நாம் இகழவில்லை. அந்த வமிசாவளியில் மனிதனுக்குரிய பக்கம் மட்டும் வெறுமையாய் இருப்பதேன் என்றே வினவுகிறோம்.

இக்காலக் காலாட்படை மோட்டாரின் மூலவர் வில்பிரெட் ஸ்ரோக்ஸ். இங்கிலாந்தின் இப்சுவிச் நகரிற் பாரந்தூக்கிகளும் மதகுக் கதவுகளும் செய்த தொழிற்சாலையின் தலைவர் அவர். 1915இல் அவர் வகுத்த கருவி மிக எளியது: ஒரு குழாய், ஓர் அடித்தட்டு, இரு கால்கள். வாய்வழியே நழுவவிட்ட குண்டு அடியிலுள்ள ஊசியில் மோதியதும் மேலெழுந்து பாயும்; பதுங்குகுழிக்குள் தலைமேல் வந்து விழும்.

அதனைச் செப்பஞ்செய்தவர் பிரெஞ்சுக்காரரான எட்கார் பிராண்ட். இரும்பிற் பூவேலை செய்வதிற் பெரும்புகழ் பெற்ற கலைஞர். பாரிஸ் வெற்றி வளைவின் கீழ், பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையில் 1923இல் ஏற்றிய அணையாச் சுடரைச் சூழும் வெண்கல வேலைப்பாடு இவர் ஆக்கியதே. வாற்சிறகுள்ள எறிகணையையும் 81 மில்லிமீற்றர் மோட்டாரையும் உலகுக்கு அளித்ததும் இவரது நிறுவனமே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, இத்தாலி, சோவியத் நாடு ஆகிய மூன்றின் படைகளும் பிராண்டின் வடிவைத் தழுவிய மோட்டார்களையே ஏந்தி நின்றன. அவற்றுள் இத்தாலி ஏனைய இரண்டுக்கும் பகையாய்ப் பொருதியது.

சேகரிப்பாளர் இதனை 'வகை வேறுபாடு' என்பார். நாம் வாணிகம் என்போம். பெயர் தெரியாத வீரனுக்கு விளக்கமைத்த கையே, அத்தகைய வீரரை மேலும் பெருக்கும் குழாயையும் ஆக்கி விற்றது. இது தனியொருவரின் கொடுமை அன்று. ஆயுதத்தையும் அஞ்சலியையும் ஒரே சந்தையில் விலைபேசும் சமுதாய அமைப்பின் இயல்பு.

வரலாற்றைக் காப்பது பிழையா எனச் சிலர் கேட்பர். பிழையன்று. 2014 மார்ச்சில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலே, முதலாம் உலகப் போர்க்கால எறிகணையொன்று வெடித்துத் தொழிலாளர் இருவர் மாண்டனர். போரிட்ட அரசுகளின் கணக்கைக் கூலிக்கு மண் வெட்டியவர்களே தீர்த்தனர். நமது வன்னியிலும், 2009இற் போர் ஓய்ந்த பின்னர், கண்ணிவெடி அகற்றுவோர் மோட்டார் எறிகணைகளையும் மண்ணிலிருந்து எடுத்தனர். இது எவ்வகை, மூக்கிற் பொருத்திய வெடிப்பொறி எத்தகையது, தொடலாமா தொடலாகாதா என்று அறிந்தவரே அங்கு உயிர்காப்பர். சேகரிப்பாளரின் நுண்ணறிவுக்கு மெய்யான களம் அதுவே. கண்ணாடிப் பேழை அன்று.

எனவே, அப்பேழைகளை உடையுங்கள் என நாம் கூறவில்லை. ஒவ்வோர் எறிகணையின் கீழும் இன்னும் இரண்டு வரிகள் எழுதுங்கள் என்கிறோம்: விற்றவர் யார்? வீழ்ந்தவர் யார்? அவ்விரு வரிகளும் இல்லாத ஏட்டை வரலாறு என்று நம் மாணவர் கையிற் கொடுக்க நாம் ஒருப்படோம். அது ஆயுத வணிகனின் பழைய விலைப்பட்டியலே.