இறங்காமலே கடந்த ஊர்கள்

வேலையில் இருந்த காலத்தில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் எத்தனையோ தடவை ரயிலில் போய் வந்திருக்கிறேன். கோவில்பட்டி வந்தால் சன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்குவேன். ரயில் நகரும். அவ்வளவுதான் எனக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவு. சுமார் 30 வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே இறங்கியதில்லை.

ரிட்டயர் ஆன பிறகு பிள்ளைகள் ஆசையாக ஒரு வேன் பிடித்தார்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, திருச்செந்தூர் என்று ஒரே நாளில் ஐந்து ஊர். இரவு 11 மணிக்கு வீடு. போனில் முந்நூறு படம் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணனுக்கு 76 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே பாரதி பைத்தியம். எட்டயபுரம் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரிட்டயர் ஆகட்டும்" என்றார். ரிட்டயர் ஆனதும் "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்றார். அதுவும் முடிந்தபோது முழங்கால் போய்விட்டது. இப்போது வாசல்வரை வருவதற்கே ஊன்றுகோல் வேண்டும்.

ஆவலாகக் கேட்டார்: "எப்படிடா இருந்தது பாரதி வீடு? அரண்மனை அங்கேயிருந்து நடக்கிற தூரமா?"

எனக்குத் தெரியவில்லை. வேன் வாசலில் நிறுத்தினார்கள், பத்து நிமிடம் பார்த்தோம், ஏறிவிட்டோம். படத்தைக் காட்டினேன். "இது கழுகுமலையா, பாஞ்சாலங்குறிச்சியா?" என்று கேட்டார். அதற்கும் நானும் என் மனைவியும் வேறு வேறு பதில் சொன்னோம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொண்டுபோன மிட்டாயை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். நம் வயதில் ஊர் பார்ப்பதென்றால் ஒரு நாளைக்கு ஒரே ஊர்தான் பார்க்க வேண்டும். வர முடியாத ஒருவருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லும்படி பார்க்க வேண்டும். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் நாம் அந்த ஊருக்குப் போகவில்லை, அதைக் கடந்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். ரயில் சன்னலுக்கும் வேன் சன்னலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதே ஊர்களுக்கு மறுபடி போனேன், மூன்று தடவை, மூன்று தனித்தனி நாள்.

முதலில் எட்டயபுரம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர், டவுன் பஸ் தூரம். பாரதி 1882-ல் பிறந்த வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு அரண்மனைப் பக்கம் நடந்தேன். ஆம் அண்ணா, நடக்கிற தூரம்தான். 11 வயதுப் பையனுக்கு 'பாரதி' என்று பட்டம் கிடைத்தது அந்தச் சமஸ்தானத்துச் சபையில்தான். அவருடைய அப்பா சின்னசாமி ஐயர் இந்தக் கரிசல் பூமியில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போனதை ஏட்டில் படித்திருக்கிறேன். ஊருக்கு வெளியே அந்தக் கறுப்பு மண்ணைக் கண்ணால் பார்த்தபோதுதான் அந்த மனிதர் ஏன் பருத்தியை நம்பினார் என்று புரிந்தது.

கல்கி முன்னின்று மக்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். சுதந்திரம் வந்து இரண்டே மாதம். பாரதி இறந்து 26 வருடம்.

அதே சின்ன ஊரில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. 1835-ல் தீபாவளி நாளில் அவர் காலமானது அங்கேதான். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் அதே ஊர்தான். வேனில் போனபோது இவை இரண்டும் அங்கே இருக்கின்றன என்பதே எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும், 10 மணிக்கு மேல் பாறை கொதிக்கும். வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்து வேலை, எட்டாம் நூற்றாண்டு. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து ஒரே கல்லில் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பாகம் முடியாமல் பாதியில் நிற்கிறது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அப்பன் சிற்பி மகன் சிற்பி மேல் பொறாமைப்பட்டுக் கொன்றுவிட்டதால் வேலை நின்றது என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள். கீழே வட்டெழுத்தில், யார் செய்வித்தது, எந்த ஊர்க்காரர் என்று பொறித்திருக்கிறது. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்னே பாடம் சொன்ன பெண்கள்! இதைச் சொன்னபோது, 34 வருடம் டீச்சராக இருந்த என் அண்ணி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது கோவில்பட்டி. இந்தத் தடவை மிட்டாய் வாங்கவில்லை, மிட்டாய் செய்வதைப் பார்க்கப் போனேன். கடைக்காரரிடம் கேட்டேன். "பின்னாடி வாங்க சார்" என்று கூட்டிப்போனார். கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். வெல்லப் பாகு கொதிக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்துப் பார்க்கிறார் மாஸ்டர். 'டக்' என்று ஒடிந்தால் பதம். ஒரு நிமிடம் முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, உருட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். மேலே வண்ணத் தேங்காய்ப் பூவைத் தூவுகிறார்கள்.

2020-ல் இந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் சட்டம் மட்டும் ஒரு ஊர்ப் பண்டத்தைக் காப்பாற்றாது என்பது என் கருத்து. நாலு வழிச் சாலை வந்த பிறகு கார்களும் பஸ்களும் ஊருக்குள் நுழைவதில்லை. பைபாஸ் ஓரக் கடைகளில் எல்லா ஊர்ப் பெயரிலும் எல்லாப் பண்டமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே செய்தது, எப்போது செய்தது என்று கேட்டால் பதில் வராது. நாமும் கேட்பதில்லை, நேரமில்லை. ஊருக்குள்ளே பாகின் பதம் தெரிந்த மாஸ்டர் இருக்கிறார். அவரிடம் வாங்க ஆள் இறங்கினால்தான் அவருக்குப் பின் ஒருவர் அந்த வேலைக்கு வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது சாப்பாட்டுக்கென்றே ஊர் ஊராகப் போகிறார்கள் இளைஞர்கள். வீடியோவில் வந்த ஒரே கடை வாசலில் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்புகிறார்கள். பத்து வீடு தள்ளி என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நம் வயதுக்காரர்கள் செய்வது அதற்கு நேர் எதிர். கோயிலைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். இரண்டுமே பாதிதான். கரிசல் காட்டையும் வானம் பார்த்த விவசாயத்தையும் பார்த்தால்தான், அந்த ஊர்க்காரர்கள் கடலையையும் வெல்லத்தையும் வைத்து ஏன் பிழைப்பைக் கட்டினார்கள் என்று விளங்கும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம்தான். அந்த மண்ணை மிதித்துவிட்டு வந்து அவர்கள் கதைகளை மறுபடி எடுங்கள், வேறு மாதிரி படிக்கும்.

சிரமம் இல்லையா என்றால், இருக்கிறது. எங்கள் வயதில் முதல் கவலை கழிப்பறை. பஸ் ஸ்டாண்டில் நம்ப முடியாது. அதனால் ஒரு நடுத்தர ஓட்டலில் காலை டிபன் சாப்பிட்டு, அங்கேயே வசதியை முடித்துக்கொள்வது என் வழக்கம். இரண்டாவது சர்க்கரை. எனக்கும் இருக்கிறது. "ஒரு துண்டுக்கு மேல் போச்சுன்னா தெரியும்" என்று மனைவி சொல்லித்தான் அனுப்புவாள். ஒரு துண்டு போதும், செய்த இடத்தில் சூடு ஆறுமுன் சாப்பிட்டால். மூன்றாவது, பஸ் ஏறும்போதே "ஊருக்குள் போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு தடவை கேட்காமல் ஏறி, பைபாஸில் இறங்கி வெயிலில் நடந்தேன். மொத்தச் செலவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு, வேனுக்குக் கொடுத்த பங்கில் கால்வாசிகூட ஆகவில்லை.

முழங்கால் நன்றாக இருக்கும்போதே போங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்பது எப்படி முடியும் என்று எனக்கு அண்ணனைப் பார்த்துத் தெரியும்.

கோவில்பட்டிக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அண்ணனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பாகு ஒடியும் சத்தத்தை இரண்டு தடவை கேட்டார். அவருக்கு இப்போது கடலை மிட்டாயைக் கடிக்க முடியாது. ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, கரையக் கரையக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தபோது சொன்னார்: "சாத்தூர்லயும் நீ இறங்கினதே இல்லையேடா."

உண்மைதான். அடுத்த வாரம் சாத்தூர். காராச்சேவு போடும் கடையின் பின்கட்டைப் பார்க்க வேண்டும்.