முத்து நகரில் மழை பிடித்துக்கொண்டது

எங்கே கிளம்பினாலும் பையில் குடை வைத்துக்கொள்கிறவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வதுண்டு. தூத்துக்குடிக்குப் போகும்போது மட்டும் அந்தக் குடையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். "வருஷத்துக்கு நாலு தூறல் விழுகிற ஊர். அங்கே எதுக்குடி குடை?" என்றாள் கூட வந்த மதுரை சிநேகிதி. கார்த்திகை மாதம் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பஸ் எட்டயபுரம் தாண்டும்போது பிடித்த மழை, தூத்துக்குடியில் இறங்கும்போது கொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சிநேகிதி அந்த ஊர்க்காரி. ஹாஸ்டலில் நாங்கள் மூவரும் ஒரே அறை. "ஏட்டி, குடை கூடவா இல்லாம வருவிய?" என்று திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். அன்றைக்கு எங்கள் திட்டம் பெரிசு. காலையில் பனிமய மாதா கோயில், மத்தியானம் கொற்கை, சாயங்காலம் கடற்கரை.

மாதா கோயில் மட்டும் திட்டப்படி நடந்தது. பனி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் பனிமய மாதா! ரோமாபுரியில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாகச் சொல்லும் பழைய கதையிலிருந்து வந்த பெயராம். அதனால்தான் இங்கேயும் ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழா. மாதாவின் சொரூபம் 1555-ல் கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போதுள்ள கோயில் 1713-ல் கட்டியது. 1982-ல் பேராலயம் என்ற அந்தஸ்து கிடைத்தது. வெளியே மழை அறைய, உள்ளே நாலைந்து பெண்கள் ஈரப் புடவையோடு முழங்காலிட்டிருந்தார்கள். கடலுக்குப் போனவர்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்கக் கூடிய விஷயமா அது?

அங்கிருந்து கொற்கைக்கு ஆட்டோ. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டு விலகி உள்ளே கிடக்கிறதே, அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகு நாள் ஆசை. திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு பக்கம் போகும்போது, எங்கள் ஊர்க்காரி திடீரென்று, "அண்ணாச்சி, வண்டியைத் திருப்புங்க" என்றாள்.

மதுரைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை தூரம் வந்துட்டு, இந்த மழைக்கா பயப்படறே?"

அவள் பதில் சொல்லவில்லை. ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். டீ வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஆத்துப் பக்கம் வேண்டாம்ட்டி. மழை பெய்யும்போது என்னால அந்தப் பக்கம் போக முடியல."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். வருஷம் பூராவும் சேர்த்தே 70 சென்டிமீட்டர் மழை பெய்யாத ஜில்லா இது. காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் மாட்டிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. இவள் வீட்டில் இடுப்பளவு. நாலு நாள் மொட்டை மாடியில்.

"எனக்குப் போனில் நீ ஒண்ணும் சொல்லலியேடி" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? பட்டுப்புடவை போச்சு, நம்ம ஹாஸ்டல் போட்டோ எல்லாம் போச்சு. அது கிடக்கட்டும். அத்தைக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதக்குது. அதைத் தொறந்து மருந்தை எடுக்கதுக்குள்ள என் உசிரே போயிட்டு."

எடுத்த மருந்தை அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாடியில் பூச்செடி வைத்திருந்த மண் சட்டியைக் காலி செய்து, மண்ணை ஈரமாக்கி, அதற்குள் சின்ன மண் கலயத்தை வைத்து, மருந்தை பாலிதீனில் சுற்றி அதில் வைத்தாள். ஈரத் துணியால் மூடி நிழலில் வைத்தாளாம். சகோதரிகளே, இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. கரண்ட் இல்லாத இடங்களில் இன்சுலினை வைக்க டாக்டர்களே சொல்லும் வழிதான். ஐஸில் நேரடியாக வைக்கக் கூடாது; உறைந்துபோன இன்சுலின் பிரயோஜனமில்லை. அத்தை இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறார், எங்களுக்கு ராத்திரி கோதுமை தோசை வார்த்துப் போட்டார்!

இன்னொன்றும் சொன்னாள். வெள்ளத் தண்ணீரில் நடந்த பிறகு அந்தத் தெருவில் சிலருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்ததாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போனாலே போதும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது. இறங்க நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்கைப் பார்க்க வேண்டும். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். உப்பளத்தில் வேலை. எதிரே பார்த்தால் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரங்கள் மட்டும் நனைந்த யானைகள் மாதிரி நின்றன.

"உப்ப மூடிட்டோம் தாயி. இனி தைக்குப் பொறவு பாத்தி மிதிச்சு, மாசி பங்குனிக்குத்தான் வாருவோம்" என்றார்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மழையப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். 2022-ல் அரசாங்கம் இந்தக் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. மூன்று மாத அடுப்புக்கு அது எத்தனை நாள் வரும் என்று உங்களுக்கே தெரியும். அவர் பாதத்தைப் பார்த்தேன், வெடிப்பு வெடிப்பாக இருந்தது. உப்புத் தண்ணீரும், கண் கூசும் வெள்ளை வெயிலும் இவர்களை என்ன செய்கிறது என்பதை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதியிருக்கிறார். எழுபதுகளில் நேரில் வந்து பழகி எழுதியது. கிடைத்தால் வாசியுங்கள்.

திரும்பும் வழியில் மதுரைக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மழை கொஞ்சம் விட்டதும் பீச் ரோட்டுக்குப் போனோம். பழைய துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். துறைமுகத்தில் பலத்த காற்று அடிக்கலாம், ஜாக்கிரதை என்று அர்த்தம். மாலத்தீவுக்குச் சாமான் ஏற்றிப் போகும் தோணிகள் கட்டிக் கிடந்தன. இதே கடலில்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டு வந்து வெள்ளைக்காரனோடு மல்லுக்கு நின்றார்.

சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்று என் பாட்டி சொல்வாள். "அப்படின்னா இன்னிக்கு எத்தனை முத்து ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். வாஸ்தவத்தில், உள்ளே புகுந்து உறுத்தும் பொருளைச் சுற்றிச் சிப்பி தானே பூசிக்கொள்ளும் பூச்சுதான் முத்து. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி எடுத்தார்கள் இந்தக் கரையில். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பிக்குள் சின்ன மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். கடையில் பார்த்த மாலைகளை எங்கே வளர்ந்தவை என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. நானும் வாங்கவில்லை.

வாங்கியது மக்ரூன்தான். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே சாமான். ஆனால் ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். "டப்பாவைத் தொறந்து தொறந்து பாக்காதிய" என்று ஊர்க்காரி ஸ்டீல் டப்பாவில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

ராத்திரி மறுபடி மழை. நடுச்சாமத்தில் விழிப்பு வந்து பார்த்தால், வாசல் கதவைத் திறந்துகொண்டு டார்ச்சோடு நின்றிருந்தாள். தெருச் சாக்கடையில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"படியைத் தொடலை. நீ போய்ப் படு" என்றாள்.

நான் போகவில்லை. மழை விடுகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, காணாமல் போன ஹாஸ்டல் போட்டோவில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின் வரிசையில் ஒருத்தி பெயர் மட்டும் விடிகிற வரை வரவில்லை.

கொற்கைக்கு மாசியில் வரச் சொல்லியிருக்கிறாள்.