காணப்பட்டதா, கண்டறியப்பட்டதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டி நகரிலே மழை பெய்தும் பெய்யாமலும் தூறிக்கொண்டிருந்தது. நமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். வாசனைத் திரவியங்களை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றின் களஞ்சியத்தில் அவர் லிகிதர். குடையை மடக்கி வைத்ததும் வையாததுமாக, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி ஆங்கிலம்.

"ஐயா, இதில் என்ன பிழை? இந்த வரியால் ஒரு மனிதருடைய காசு குறைந்து போயிற்று" என்றார்.

நடந்தது இதுதான். கலகெதரப் பக்கத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் தமது தோட்டத்து மிளகை இரண்டு சாக்குகளிற் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். வழியெல்லாம் தூறல். சாக்குகள் வெளியே நனைந்திருந்தன. நமது தம்பி வரவுக் குறிப்பு எழுதும்போது, "மிளகு ஈரமாகக் காணப்பட்டது" என்று மனத்துக்குள்ளே தமிழில் எண்ணினார். முதலில் 'வோஸ் ஸீன் வெட்' என்று எழுதினாராம். அது காதுக்கு இசையவில்லை. ஆகவே 'ஸீன்' என்பதை வெட்டிவிட்டு, 'த பெப்பர் வோஸ் ஃபவுண்ட் வெட்' என்று திருத்திக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். அங்குள்ளவர்கள் விலையைக் குறைத்துவிட்டார்கள். ஈர மிளகைக் கட்டி வைத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் அவர்களையும் நோவதற்கில்லை.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். ஒரு கேள்விதான் கேட்டாராம்: "மாத்தயா, நீங்கள் கண்ணாற் பார்த்தீர்களா, கையை விட்டுப் பார்த்தீர்களா?"

நேயர்களே, ஆங்கில இலக்கணத்தின் ஓர் அத்தியாயமே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் நமது 'காணப்பட்டது' என்பதைச் சற்று ஆராய்வோம். 'படு' என்று வந்தாற் செயப்பாட்டுவினை என்று பள்ளிக்கூடத்திலே படித்தோம். 'மரம் வெட்டப்பட்டது' என்றால் வெட்டியவன் ஒருவன் உண்டு. ஆனால் ஆசைப்பட்டான், வெட்கப்பட்டாள் என்னும்போது யாரும் யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை. தென்பட்டது, புலப்பட்டது என்பனவும் அத்தகையனவே. பொருள் கண்ணுக்கோ அறிவுக்கோ எட்டியது என்பதற்குமேல் அவை சொல்வதில்லை. 'காணப்பட்டது' உருவத்தாற் செயப்பாட்டுவினையாயினும், வழக்கில் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. "வாவிக்கரை வெறிச்சோடிக் காணப்பட்டது" என்று பத்திரிகையிலே படிக்கும்போது, கண்டவர் யார் என்று நாம் கேட்பதுண்டா? அப்படி இருந்தது, அப்படித் தோன்றியது, அப்படி இருக்கக் கண்டறிந்தார்கள் என்ற மூன்று பொருளும் அந்த ஒரே குடையின்கீழ் ஒதுங்கி நிற்கின்றன.

ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய குடை இல்லை. புலன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை உண்டு: பார்வைக்கு 'லுக்', செவிக்கு 'சவுண்ட்', மூக்குக்கு 'ஸ்மெல்', நாவுக்கு 'டேஸ்ட்', தொடுகைக்கு 'ஃபீல்'. இவற்றின் பின்னே பண்பைக் குறிக்கும் சொல் நேரே வந்து அமரும். பார்வைக்கு ஈரம் என்றால் 'லுக்ட் வெட்'. தொட்டால் ஈரம் என்றால் 'ஃபெல்ட் வெட்'. மிளகு யாரையும் பார்க்கவில்லைதான். ஆயினும் வினை செய்வினை வடிவிலேயே நிற்கும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை நட்ட காலந்தொட்டு, கண்டிச் சீமையில் தேநீரைச் சுவைத்துச் சொல்வோர் 'டேஸ்ட்ஸ் பிட்டர்' என்றே சொல்வர். 'இஸ் டேஸ்டட் பிட்டர்' என்று சொல்லார். நாமும் "தேநீர் கசக்கிறது" என்று செய்வினையிலேதானே சொல்கிறோம்? கசக்கும், புளிக்கும், இனிக்கும், துவர்க்கும் என்று சுவைக்கொரு வினை வைத்திருக்கிற நமக்கு இது புதிதன்று.

'ஃபவுண்ட்' என்பதன் குணமோ வேறு. 'ஃபைண்ட்' என்றாற் கண்டுபிடித்தல். 'வோஸ் ஃபவுண்ட் வெட்' என்று எழுதினால், ஒருவர் திறந்து, தொட்டு, ஈரமென்று முடிவு கட்டினார் என்பது பொருள். நீதிமன்றத்திலே 'ஃபவுண்ட் கில்டி' என்றாற் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. 'லுக்ட் கில்டி' என்றாலோ முகம் மட்டுமே அப்படி இருந்தது. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையிலே ஒரு மனிதனுடைய சிறைவாசம் கிடக்கிறது.

'ஸீன்' என்பதை ஏன் காது ஏற்கவில்லை? செயப்பாட்டிலே 'வோஸ் ஸீன்' என்பதன் பின்னே நடக்கும் செயல் இலகுவாக வரும். ஒருவர் வீதியில் நடந்துபோகக் கண்டார்கள் என்றால் 'வோஸ் ஸீன் வாக்கிங்'. வெறும் பண்புச்சொல்லோ எளிதில் ஒட்டாது. நடுவே 'டு பீ' என்று ஒரு பாலம் போட வேண்டும். ஒருவர் கடைசியாக உயிரோடு காணப்பட்டார் என்பதற்கு 'ஸீன் அலைவ்' என்று வருவதுபோன்ற சில வழக்குகள் உண்டு. அவற்றை அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'ஸீன் ஆஸ்' என்று வந்தாலோ, கண்ணை விட்டுக் கருத்துக்குப் போய்விடும். 'இவ்வாறு கருதப்படுகிறது' என்பதே அதன் பொருள்.

இத்தனையும் ஏனென்று சில நேயர்கள் முகஞ்சுளிக்கலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. கலகெதரப் பெரியவர் சிங்களத்திற் பேச, கண்டித் தம்பி தமிழில் எண்ண, கொழும்புக் கந்தோர் ஆங்கிலத்தில் வாசிக்கிறது. இணைக்க வந்த மொழியே ஒருவருடைய கூலியைப் பிரித்துவிடலாகாது அல்லவா?

இதில் நமது மொழிகளுக்குக் குறைவொன்றுமில்லை. தொட்டுப் பார், முகர்ந்து பார், கேட்டுப் பார், ருசி பார் என்று ஐம்புலனுக்கும் 'பார்' என்பதைச் சோதனைச் சொல்லாக்கியது தமிழ். சிங்களத்திலும் 'அல்லலா பலனவா' என்றாற் தொட்டுப் பார்த்தல்தான். பெரியவர் கேட்டதும் அதைத்தான். கண்ணுக்குப் பட்டது ஒன்று, கையால் அறிந்தது வேறொன்று என்ற பேதம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தம்பியின் பேனைக்குத்தான் தெரியவில்லை.

"சாக்குகள் இன்னும் களஞ்சியத்திலே இருக்கின்றனவா?" என்று கேட்டோம். இருக்கின்றன என்றார். "அப்படியானால் நாளைக்கே பிரித்து, ஈரமானியை வைத்துப் பாரும். பார்த்த பிறகு எழுதும்" என்று சொல்லியனுப்பினோம்.

திங்கட்கிழமை மாலை அவர் எழுதிய கடிதத்தின் பிரதியை நமக்கும் காட்டினார். இரண்டே வாக்கியங்கள். சாக்குகள் மழையினால் ஈரமாகத் தோன்றின என்பதற்கு 'லுக்ட் வெட்'. மிளகு இன்று சோதிக்கப்பட்டு, உலர்ந்திருக்கக் கண்டறியப்பட்டது என்பதற்கு 'வோஸ் ஃபவுண்ட் ட்ரை'. இரண்டு வினைகளும் தத்தம் இடத்திலே அமர்ந்திருந்தன. குறைத்த தொகை சென்ற வாரம் பெரியவர் கைக்கு வந்து சேர்ந்ததாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டுமன்றி, தமிழிலே ஒருவரைப்பற்றி 'காணப்பட்டார்' என்று எழுதப் பேனையை எடுக்கும்போதும், கலகெதரப் பெரியவரின் கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்: கண்ணாற் பார்த்தோமா, கையை விட்டுப் பார்த்தோமா?