ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறை

பைத்தான் என்ற கணினி மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 5 என்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லிவிடும். ஒருங்குறியில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. இது தெரியாத மாணவர், தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி இரவெல்லாம் தேடுவார். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். எழுத்துகளைச் சரியாகப் பிரித்தெண்ணும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நிரல்தொகுப்பையும் அவர் கையோடு காட்டிவிடுவார்.

ஒரே மென்பொருளைப் பயன்படுத்துவோர் நேரில் கூடும் பயனர் குழுக் கூட்டத்தின் பயனே அந்த ஐந்து நிமிடம்தான். பெர்ல் மொழிக்காரர்கள் 1997இல் நியூயார்க்கில் இப்படிக் கூடத் தொடங்கினார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, ஐஐடி வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை என்று பல ஆண்டுகள் கூடியது. காஞ்சிபுரத்திலும் ஒரு குழு உருவானது. இந்த ஆர்வலர் வட்டத்திலிருந்துதான் 2012இல் ‘கணியம்’ இதழ் பிறந்தது. பிஎச்பி, மைஎஸ்கியூஎல் போன்றவற்றை எளிய தமிழில் நூலாக்கி, யாரும் படிக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு கொடுத்தது. தலைநகரமும் சும்மா இருக்கவில்லை. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பைத்தான் மொழிக்காரர்களின் பைகான் இந்தியா மாநாடு தில்லியில்தான் நடந்தது.

ஆனால் மாநாடு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மாதந்தோறும் கூட இடம் வேண்டும். புசா ரோட்டில் மெட்ரோ தூண்களை ஒட்டி கரோல் பாகிலிருந்து ராஜேந்திர பிளேஸ் வரை நடந்து பாருங்கள்: கடைகள், ஓட்டல்கள், பயிற்சி மையங்கள். வாடகை கொடுக்காமல் இருபது பேர் மடிக்கணினியோடு உட்கார எங்கே போவது? அதே சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் 1923இல் தொடங்கிய முயற்சியின் ஒரு கிளை அது.

அந்தப் பள்ளியிடம் கேட்பது இவ்வளவுதான்: மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு வகுப்பறை. இதைப் பள்ளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அன்று கதவு திறக்க வரும் காவலாளிக்கும் அறையைப் பெருக்குபவருக்கும் கூலி உண்டு. அதைப் பெற்றோரும் பழைய மாணவர்களும் ஏற்க வேண்டும். நொய்டாவிலும் குருகிராமிலும் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரு காலைப் பொழுதைக் கொடுக்க வேண்டும். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கும், கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அது கிடைப்பதில்லை.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. 2014இல், இணையத் தகவல்களைப் பாதுகாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, உலகமே நம்பியிருந்த அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்து வந்தது தெரிந்தது. எடுத்துப் பயன்படுத்தக் கோடிப் பேர், பழுது பார்க்க நாலு பேர். அந்த நாலு பேரை நாற்பதாக்க நினைக்கும் நிறுவனம், பழைய மடிக்கணினிகள் பத்தையும் ஒரு புரொஜெக்டரையும் இந்த அறைக்குத் தரட்டும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வரும் முதல் ஞாயிறிலேயே தொடங்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 3 என்று விடை தரும் நிரலைப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்க்கட்டும்.